ஈயப் படையின் தளபதி

சென்ற தவணையின் இறுதி வாரத்தில், பத்தாந் தர வகுப்பில் வரலாற்றுப் பாடம் நடந்துகொண்டிருந்த வேளை, பின் வாங்கிலிருந்த மாணவன் ஒருவனிடமிருந்து ஒரு கட்டு அட்டைகளைப் பறித்து என் மேசையில் வைத்தேன். சீட்டுக்கட்டு என்றே முதலில் எண்ணினேன். ஓய்வறையில் விரித்துப் பார்த்தபோது அதில் இராசாவும் இல்லை, இராணியும் இல்லை. சிறகு முளைத்த நாகங்கள், கோலேந்திய மந்திரவாதிகள், கவசம் பூண்ட வீரர்கள், காடுகள், மலைகள், தீவுகள் எனப் பலவும் வண்ணத்தில் தீட்டப்பட்டிருந்தன. உயிர்களைத் தாங்கிய அட்டைகளின் கீழ் மூலையில் இரண்டு எண்கள் இருந்தன. ஒன்று தாக்கும் வலிமையாம், மற்றது தாங்கும் வலிமையாம். கனடாவிலிருக்கும் மாமன் அனுப்பியவை என்றும், றிச்சட் கார்பீல்ட் என்னும் கணித வல்லுநர் ஆக்கி 1993ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆட்டம் என்றும் அவன் விளக்கினான். விளக்கிய பின், தலையைக் குனிந்தபடி, போரை விளையாடுவது பிழையா என்று என்னிடம் கேட்டான்.

ஆசிரியனுக்குரிய விரைவோடு அதற்கு ஒரு விடை சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. ஏனெனில், அதே வினாவைத் தன் வாழ்நாளெல்லாம் சுமந்து, ஒவ்வொரு பருவத்திலும் ஒவ்வொரு விடை கூறிய ஒரு மனிதரின் நினைவு எனக்கு வந்தது. அவர்தான் எச். ஜி. வெல்ஸ்.

கால யந்திரத்தையும், கண்ணுக்குத் தெரியாத மனிதனையும், செவ்வாய்க் கிரகத்தவரின் படையெடுப்பையும் எழுதிய வெல்ஸை நம் மாணவர் அறிவர். உலக வரலாற்றை ஒரே நூலில் அடக்கிய வெல்ஸை ஆசிரியர் அறிவர். ஆனால் முழந்தாளிட்டுத் தரையில் ஊர்ந்து, ஈயப் பொம்மைகளை அணிவகுத்து, விளையாட்டுப் பீரங்கியால் குறிபார்த்த வெல்ஸை அறிந்தவர் நம்மிடையே சிலரே. இந்த மூன்றாமவரை அறியாமல் முன்னிருவரையும் சரியாக விளங்கிக்கொள்ள முடியாது என்பது என் எண்ணம்.

1866 செப்டெம்பர் 21ஆம் நாள், இலண்டனை அடுத்த கென்ற் மாவட்டத்துப் புறொம்லி என்னும் சிற்றூரில் ஹேர்பேட் ஜோர்ஜ் வெல்ஸ் பிறந்தார். தந்தை ஜோசப் வெல்ஸ், பீங்கான் பாத்திரங்களும் கிறிக்கெற் மட்டைகளும் விற்கும் கடை ஒன்றை நடத்தி நட்டப்பட்டுக்கொண்டிருந்தவர். வணிகத்தில் கைவராத வெற்றி பந்து வீச்சில் அவருக்குக் கைவந்தது. 1862ஆம் ஆண்டில் சசெக்ஸ் அணிக்கு எதிராக அடுத்தடுத்து வீசிய நான்கு பந்துகளில் நால்வரை ஆட்டமிழக்கச் செய்தவர் அவர். முதல்தர ஆட்டங்களில் அதற்கு முன் எவரும் செய்யாத செயல் அது. தாய் சாரா செல்வர் இல்லமொன்றில் பணிப்பெண்ணாயிருந்தவர். கடைக்குக் கீழேயிருந்த இருண்ட நிலவறைச் சமையற்கட்டில் பிள்ளைகளை வளர்த்தவர்.

1874இல், ஏழு வயதுச் சிறுவனாயிருந்தபோது, ஒரு பெரியவர் அவரை விளையாட்டாய் மேலே தூக்கியெறிந்து ஏந்தத் தவற, விழுந்து கால் முறிந்தது. வாரக்கணக்காகப் படுக்கையில் கிடந்த பிள்ளைக்குத் தந்தை ஊர் நூலகத்திலிருந்து புத்தகங்களைக் கொணர்ந்து கொடுத்தார். அந்தக் கால் முறியாதிருந்தால் தாம் ஒரு துணிக்கடைச் சிப்பந்தியாகவே தேய்ந்து மறைந்திருப்பார் என்று வெல்ஸ் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்தார். மூன்றாண்டுகளின் பின் தந்தையின் காலும் முறிந்தது. அம்முறிவு நன்மை எதனையும் தரவில்லை. கிறிக்கெற்றால் வந்த வருவாய் நின்றது. குடும்பம் சிதறியது. தாய், அப்பாக் என்னும் மாளிகைக்கு மேற்பார்வையாளராகச் சென்றார். மகன் துணிக்கடைக்கு அனுப்பப்பட்டார்.

பதின்மூன்று வயதில், அவ்வூரின் மாட்டின்ஸ் ஹில் என்னும் குன்றைச் சுற்றி அவர் தனியே உலாவுவதுண்டு. எவர் பார்த்தாலும் மெலிந்த, கந்தலுடுத்த ஒரு பையன். உள்ளத்திலோ அவர் ஒரு மாபெரும் சேனாதிபதி. வேலியோரங்கள் அரண்களாகும், வயல்கள் போர்க்களமாகும், பகைவர் படை சிதறி ஓடும், வென்ற நகரத்தினுள் அவர் குதிரைமீது நுழைவார். எதிரே வரும் கிழவர் எவரும் அதை அறியமாட்டார். இவ்வளவையும் அறுபத்தேழாம் வயதில் எழுதிய தன்வரலாற்றில் அவரே ஒளிவின்றிச் சொல்லியிருக்கிறார். கையில் காசில்லாத, நாளைக்கு என்னாகும் என்று தெரியாத சிறுவனுக்கு அந்தக் கற்பனை வெற்றிகளைத் தவிர வேறு எந்த வெற்றியும் கிடைக்கக்கூடியதாய் இருக்கவில்லை. இந்தச் சிறுவனை வாசகர் மறவாதிருத்தல் வேண்டும். இவன் வெல்ஸை விட்டு எளிதில் நீங்கவில்லை.

துணிக்கடை வாழ்வை விரிக்கவேண்டியதில்லை. விண்ட்ஸரில் ஒரு கடை அவரை விரைவிலேயே விலக்கியது. சவுத்ஸியில் மற்றொரு கடையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேர உழைப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், உணவுகூட உட்கொள்ளாமல், பதினேழு மைல் நடந்து தாயிடம் சென்று, இனி அங்கு இருக்கமாட்டேன் என்று முறையிட்டார். 1883இல் அந்த ஒப்பந்தம் முறிந்தது. மிட்ஹேர்ஸ்ற் என்னும் ஊரின் பாடசாலையில் மாணவ ஆசிரியரானார். மறு ஆண்டே அரசினர் புலமைப்பரிசில் பெற்று இலண்டன் சென்று, தோமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் கற்றார். ஒரு வாரத்துக்கு ஒரு கினி உதவிப்பணம், அரைவயிற்று உணவு. உலகத்தை விஞ்ஞானக் கண்கொண்டு பார்க்கும் பழக்கம் அங்கேதான் வேரூன்றியது. பின்னர் வேல்சில் ஆசிரியராயிருந்தபோது, 1887இல், உதைபந்தாட்டத்தில் பட்ட உதையொன்று சிறுநீரகத்தை நசுக்கிற்று. இரத்தம் கக்கினார். இறந்துவிடுவார் என்றே வைத்தியர் எண்ணினர். இறக்கவில்லை; எழுதத் தொடங்கினார். இடையில் இலண்டனில் அவர் கற்பித்த சிறு பாடசாலையில் படித்த பிள்ளைகளுள் ஒருவர், பின்னாளில் கரடிக்குட்டிக் கதைகளால் உலகப் புகழ் பெற்ற ஏ. ஏ. மில்ன். நம் ஆசிரியத் தோழர்கள் மகிழத்தக்க செய்தி என்பதற்காகவே இதைச் சேர்த்தேன்.

1895இல் கால யந்திரக் கதை வெளிவந்தது. அடுத்த மூன்றாண்டுகளில் ஏனைய பெருங் கதைகளும் வந்தன. வறுமை அகன்றது. அவருடைய இல்லற ஒழுக்கம் போற்றத்தக்கதன்று என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். முதல் மனைவியைப் பிரிந்து தம் மாணவியாயிருந்த ஏமி கதறினை மணந்தார். ஜேன் என்று அவர் அழைத்த அந்த அம்மையார், கணவரின் பிற்காலத் தொடர்புகள் பலவற்றையும் பொறுத்துக்கொண்டு வீட்டை நடத்தினார். கடலோரச் சாண்ட்கேற்றில் கட்டிய ஸ்பேட் ஹவுஸ் என்னும் இல்லத்தில் 1901இலும் 1903இலும் இரு புதல்வர் பிறந்தனர். அந்த வீட்டின் தரையிலேதான் நம் கதையின் நடுப்பகுதி நிகழ்கிறது.

போரை ஆட்டமாக்கும் எண்ணம் புதியதன்று. சதுரங்கம் என்னும் சொல்லே நால்வகைப் படையைக் குறிப்பது. பிரசிய நாட்டில் றைஸ்விற்ஸ் என்னும் பிரபு, 1812இல் மன்னருக்கு ஒரு மேசையையே போர்க்களமாக அமைத்துக் கொடுத்தார். அவருடைய மகன், இளம் பீரங்கிப்படை அதிகாரி, அதை நிலப்படத்தின்மீது ஆடும் முறையாகத் திருத்தி 1824இல் விதிநூல் வெளியிட்டார். படைத் தலைமை அதை ஏற்று அதிகாரிகளின் பயிற்சிக்குரியதாக்கியது. அவ்விளைஞரோ மூன்றாண்டுகளின் பின் தம்மைத் தாமே சுட்டு மாண்டார். 1871இல் பிரசியா பிரான்சை வென்றபின் பிற நாட்டுப் படைகளும் இம்முறையைப் பின்பற்றின. றொபேட் லூயி ஸ்டீவன்சன், தம் மனைவியின் மகனோடு சுவிற்சலாந்தில் குளிர்காலத்தைக் கழித்தபோது ஈயப் படைகளைக்கொண்டு பெரும் போர்கள் நடத்தினார் என்பதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. வெல்ஸ் அமைத்த ஆட்டம் படைப் பள்ளியில் பிறந்ததன்று. அது பிள்ளைகளின் அறையிற் பிறந்தது.

பிரிட்டன்ஸ் என்னும் நிறுவனம் 1893 முதல் உள்ளீடற்ற ஈய வீரர்களை வார்த்து மலிவாக விற்று வந்தது. அது செய்த சிறு பீரங்கி ஒன்று, சுருள்வில்லின் விசையால் ஓரங்குல நீளமான மரத்துண்டை எய்யும். ஒன்பது யார் தொலைவிலுள்ள பொம்மையைப் பத்துக்கு ஒன்பது முறை வீழ்த்தவல்லது என்று வெல்ஸ் வியக்கிறார். ஒருநாள் சாண்ட்கேற்றில் விருந்துண்ட பின், நகைச்சுவை எழுத்தாளர் ஜெரோம் கே. ஜெரோம் அந்தப் பீரங்கியை எடுத்து மேசையில் நின்ற பொம்மை வீரன் ஒருவனைச் சுட்டு வீழ்த்தினார். வெல்ஸை எதிர்த்துச் சுடும்படி அறைகூவினார். அப்போது பற்றிய தீ வெல்ஸை விட்டு அணையவில்லை. கலைக்களஞ்சியத் தொகுதிகள் குன்றுகளாயின. சுண்ணக்கட்டியால் ஆறுகள் வரையப்பட்டன. பிள்ளைகளின் மரக்கட்டைகள் வீடுகளாயின. தோட்டத்துச் சிறுகிளைகள் காடுகளாயின. தென்னாபிரிக்கப் போரிலிருந்து மீண்ட படையதிகாரி ஒருவரும் அவருடைய சகோதரரும் வந்து இவ்வாட்டத்தில் கலந்துகொண்டு திருத்தங்கள் கூறினர்.

விதிகள் எளியன. காலாள் ஒரு முறைக்கு ஓரடி நகரலாம், குதிரைவீரன் இரண்டடி. பீரங்கிக்கு ஆறங்குலத்துள் நால்வரேனும் நின்றாலன்றி அதை இயக்கவோ நகர்த்தவோ முடியாது. ஒரு முறைக்கு நான்கு குண்டுகளே. சிந்தித்துச் சிந்தித்துக் காலம் கடத்தாதிருக்க, முப்பது வீரருக்கு ஒரு நிமிடம் வீதம் மணிக்கூடு வைத்து நகர்த்தவேண்டும். கைகலப்பில் இரு பக்கத்திலும் ஒருவருக்கு ஒருவராக மடிவர். துணையின்றித் தனித்துச் சூழப்பட்ட சிறு அணி சிறைப்படும். பகடைக்கு இடமேயில்லை. கையின் குறியும் தலையின் திட்டமுமே முடிவு செய்யும். படைகளை நிறுத்தும்போது எதிரி காணாதபடி நடுவே ஒரு திரை தொங்கவிடப்படும்; திரை விலகும் கணத்தில் இரு தளபதிகளும் தத்தம் மடமையைக் கண்டுகொள்வர். முன்னரே 1911இல் பிள்ளைகளின் தரை விளையாட்டுக்கள் பற்றி ஒரு சிறு நூல் எழுதியிருந்த வெல்ஸ், இவ்விதிகளைத் தொகுத்து 1913இல் ‘சின்னப் போர்கள்’ என்று பொருள்படும் தலைப்பில் வெளியிட்டார். பன்னிரண்டு வயது முதல் நூற்றைம்பது வயது வரையுள்ள பையன்களுக்கு உரியது என்று அட்டையிலேயே குறித்து, அறிவுள்ள பெண்பிள்ளைகளும் ஆடலாம் என்று சலுகையும் வழங்கினார். பெண்களின் வாக்குரிமையை ஆதரித்தவர் இவ்வளவோடு நின்றது என் மாணவிகளுக்குப் பிடிக்கவில்லை.

அந்நூலில் ஒரு பகுதி என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்திவைக்கிறது. ஹூக்ஸ் பாம் என்னும் இடத்தில் நடந்ததாக ஒரு சிறு போரை அமைதியாக விவரித்து வருகிறார். திடீரென்று அவர் உருவம் மாறுகிறது. மை படிந்த விரல்கள் பருத்த கைகளாகின்றன. கூனல் நிமிர்கிறது. வெளிறிய முகம் கறுத்து உரமேறுகிறது. மீசை முளைத்து முறுக்கி மேலெழுகிறது. கண்ணின்மேல் ஒரு வாள்வெட்டுத் தழும்பு சிவக்கிறது. இனி எழுதுபவர் ஆசிரியர் அல்லர். தற்பெருமை பேசும் தளபதி. வேடிக்கையாகத்தான் எழுதியிருக்கிறார். எனினும் மாட்டின்ஸ் ஹில்லில் தனியே நடந்த அந்தப் பையனை அறிந்தவர்க்கு அது வெறும் வேடிக்கையாகத் தோன்றாது.

நூலின் இறுதியில் அவர் மெய்யான போரைப் பற்றிப் பேசுகிறார். இந்தச் சின்னப் போரில் எவர் உடலும் சிதைவதில்லை, எவர் வீடும் எரிவதில்லை, தாய் அழுவதில்லை. போர்வெறி கொண்ட அரசர்களையும் பீதி பரப்புவோரையும் தக்கை விரிப்புப் பரப்பிய பெரும் மண்டபமொன்றில் அடைத்து, வேண்டிய மட்டும் பொம்மைகளைக் கொடுத்து, அங்கேயே அவர்கள் ஆசை தீரட்டும் என்கிறார். மூன்று நான்கு முறை இவ்வாட்டத்தை ஆடியவருக்கு, மெய்ப்போர் எத்துணைத் தடுமாற்றமும் மடமையும் நிறைந்தது என்பது புலப்படும் என்றும் உறுதி கூறுகிறார். ஓரடி நகர்த்தவே திட்டம் பிழைக்கிறதென்றால், இலட்சக்கணக்கான மனிதரை நகர்த்துவோர் நிலை என்ன என்பது அவர் வாதம்.

இவ்விடத்தில் என் சொந்த நினைவொன்றைத் தவிர்க்க முடியவில்லை. எங்கள் ஊரில் போர் நடந்த ஆண்டுகளில், பிள்ளைகள் பனைமட்டையைத் துவக்காகப் பிடித்து ஆமியும் இயக்கமும் விளையாடினர். ஆமியாக இருக்க எவரும் ஒப்புவதில்லை. ஆகவே சிறியவர்களுக்கே அப்பங்கு வாய்க்கும். அவர்களுட் சிலர் வளர்ந்து மட்டையை எறிந்துவிட்டுப் போனதையும், மீளாததையும் கண்டவன் நான். 2009இல் போர் ஓய்ந்த பின்பே இந்நூல் என் கைக்குக் கிட்டியது. தக்கை விரிப்பு மண்டபத்தைப் பற்றிய பகுதியில் மற்றவர்கள் சிரிக்கக்கூடும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆயினும் வெல்ஸ் பொய் சொன்னார் என்றும் எண்ண முடியவில்லை.

அவர் உண்மையாகவே நம்பினார். அந்நம்பிக்கையை முதலில் கைவிட்டவரும் அவரே. நூல் வெளிவந்த மறு ஆண்டு, 1914 ஆகஸ்ட் 4ஆம் நாள், பிரித்தானியா ஜேர்மனியோடு போர் தொடுத்தது. அதே நாளில் எழுத்தாளர் றெபெக்கா வெஸ்ற் அம்மையாரிடம் வெல்ஸுக்கு ஒரு மகன் பிறந்தான். அவ்வாரங்களில் வெல்ஸ் எழுதிய கட்டுரைகள், இப்போரே போரை ஒழிக்கும் போர் என்று முழங்கின. பிரசியப் படைவாதத்தை முறித்துவிட்டால் உலகில் ஆயுதங்களுக்கு வேலையிராது என்றார். கட்டுரைகள் அவ்வாண்டே நூலாயின. அந்நூலின் பெயர் அந்தத் தலைமுறையின் வாயில் முதலில் மந்திரமாகவும் பின்னர் கேலியாகவும் நிலைத்தது. சமாதான நண்பர்கள் அவரைத் துரோகி என்றனர். பதின்மூன்று வயதுத் தளபதி மீண்டும் குதிரையேறிவிட்டான் என்றே எனக்குப் படுகிறது.

ஆனால் மெய்ப்போர் அவரைப் போகப் போக மாற்றியது. 1903இலேயே தரையில் ஊரும் இரும்புப் போர்க்கப்பல்களைக் கதையாக எழுதியிருந்தார். 1916 செப்டெம்பரில் சொம் போர்க்களத்தில் அவ்வாறான கவச வாகனங்கள் மெய்யாகவே ஊர்ந்தன. அவ்வாண்டு பிரெஞ்சு, இத்தாலியப் போர்முனைகளை நேரிற் கண்டார். அவ்வாண்டே வெளிவந்த பிறிற்லிங் என்பாரின் கதையில், மகனை இழந்த ஆங்கிலத் தந்தை, அதே போரில் மகனை இழந்த ஜேர்மானியப் பெற்றோருக்குக் கடிதம் எழுத முயன்று இரவெல்லாம் தவிக்கிறார். வெல்ஸின் சொந்தப் புதல்வர்கள் அப்போது சிறுவர். அவர்களோடு தரையில் ஈயப் படைகளை நகர்த்திய கையே அக்கடிதத்தையும் எழுதியது. 1918இல் பகைவர் நாட்டுக்கான பிரசார அலுவலகத்தில் சில மாதம் பணியாற்றி, போரின் நோக்கங்கள் பற்றித் தாம் கூறியவை ஏற்கப்படாமையால் விலகினார்.

அதன் பின்னரே உலக வரலாற்று நூல் பிறந்தது. ஒவ்வொரு நாடும் தன் தளபதிகளைப் புகழ்ந்து பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் வரலாறே போரின் விதை என்று அவர் கருதினார். மனித குலத்துக்கு ஒரே வரலாறு வேண்டும் என்று 1919, 1920ஆம் ஆண்டுகளில் அவர் வெளியிட்ட அந்நூல் இலட்சக்கணக்கில் விற்பனையாயிற்று. நெப்போலியனை அதில் அவர் நடத்திய விதம் கடுமையானது. சிலருக்கு அநீதியாகவும் தோன்றிற்று. அக்கடுமையில் ஒரு பங்கு தன்மேற் கொண்ட சினம் என்பது என் ஊகம்.

ஊகம் என்றேன்; அதற்கு ஆதாரமும் உண்டு. 1934இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவர் கணக்குத் தீர்க்கிறார். 1914 வரை பொம்மைப் படைகளோடு தாம் ஆடிய ஆட்டத்தில், சிறுவயதுக் கற்பனை வெற்றிகளின் சுவையே இருந்ததென ஒப்புக்கொள்கிறார். 1916க்கும் 1920க்கும் இடையிலேதான் அப்பருவத்தைக் கடந்து, பொறுப்புள்ள மனிதனாகப் போரைச் சிந்திக்கத் தொடங்கியதாகக் கூறுகிறார். அப்போது அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல்! சேர்ச்சில் முதலிய அரசியலாளர் பெயர்களைக் குறித்து, அவர்களும் இதே பொம்மைக் கனவின்மேல் எழுந்தவர்கள், அதிலிருந்து மீளாதவர்கள் என்கிறார். ஹிட்லரைப் பற்றிச் சொல்லும்போதோ கத்தி இன்னும் உள்ளே இறங்குகிறது. தம் பதின்மூன்றாம் வயதுப் பகற்கனவு உருவெடுத்து வந்ததே அம்மனிதன் என்கிறார். பகைவனைத் தன் வயிற்றிலிருந்தே எடுத்துக்காட்டிய எழுத்தாளர் வேறெவரையும் நான் வாசித்ததில்லை.

அந்தக் கனவின் உருவமும் அவரை மறக்கவில்லை. 1933இல் ஜேர்மானியர் எரித்த நூல்களுள் வெல்ஸின் நூல்களும் இருந்தன. அவ்வாண்டு அனைத்துலக எழுத்தாளர் கழகத்தின் தலைவராயிருந்த அவர், டுப்ரொவ்னிக் மாநாட்டில் அக்கொடுமை பற்றிப் பேச இடமளித்தார். ஜேர்மானியப் பேராளர்கள் எழுந்து வெளியேறினர். 1940இல், பிரித்தானியாவைக் கைப்பற்றியதும் பிடிக்கப்படவேண்டியவர் என நாசிகள் தயாரித்த பட்டியலிலும் அவர் பெயர் இருந்தது. எழுபத்துநான்கு வயது முதியவர், இலண்டன்மீது குண்டுகள் விழுந்த காலத்தில் றீஜன்ற்ஸ் பூங்காவையடுத்த தம் வீட்டை விட்டகல மறுத்தார். அங்கிருந்தபடியே மனித உரிமைகளைத் தொகுத்து எழுதினார். அவரும் சான்கி பிரபு முதலியோரும் வெளியிட்ட அப்பட்டியல், 1948இல் ஐக்கிய நாடுகள் சபை செய்த பிரகடனத்துக்கு முன்னோடிகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது.

இன்னொன்று. சின்னப் போர்களுக்கு மறு ஆண்டு வெளியான கதையொன்றில் அணுகுண்டு என்னும் சொல்லையும் பொருளையும் அவர் படைத்திருந்தார். ஹங்கேரி நாட்டு விஞ்ஞானி லியோ சிலாட் அதை 1932இல் வாசித்தார்; மறு ஆண்டு இலண்டனில் அணுத் தொடர்வினை பற்றிய எண்ணம் அவருக்கு உதித்தது. 1945 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஹிறோஷிமாவின்மீது குண்டு விழுந்தபோது வெல்ஸ் உயிரோடிருந்தார். அதற்கு நான்காண்டுகளின் முன்பே, தம் பழைய கதை ஒன்றின் மறுபதிப்புக்கு எழுதிய முன்னுரையில், தம் கல்லறை வாசகமாக, உலகத்தாரைத் திட்டி, முன்னரே எச்சரித்தேன் என்று பொருள்படும் ஒரு வசனத்தை அவர் தெரிந்து வைத்திருந்தார். கல்லறை எழுப்பப்படவில்லை. 1946 ஆகஸ்ட் 13ஆம் நாள் அவர் மறைந்தார். சாம்பரைக் கடலில் தூவினர்.

அவருடைய தரை ஆட்டம் மட்டும் அவரோடு மறையவில்லை. 1954இல் சார்ள்ஸ் றொபேட்ஸ் என்னும் அமெரிக்கர் போர் ஆட்டத்தைப் பலகையும் அட்டைக் காய்களுமாக்கி விற்கத் தொடங்கினார். 1958இல் கெற்றிஸ்பேர்க் போரையே ஆட்டமாக்கினார். வரலாற்றுப் போர்களை ஆடும் கூட்டத்திலிருந்தே கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் தோன்றி, படைவீரர் நின்ற இடத்தில் மந்திரவாதியையும் நாகத்தையும் நிறுத்தி, 1974இல் ஒரு புது ஆட்டத்தை வெளியிட்டனர். சின்னப் போர்களின் பிற்காலப் பதிப்பொன்றுக்கு முன்னுரை எழுதித் தம் கடனைக் கைகாக்ஸ் ஒப்புக்கொண்டார். அந்த மந்திரவாதிகளும் நாகங்களும் அட்டையில் ஏறிப் பொதிகளாக விற்பனைக்கு வந்தது 1993இல். பொதிக்குள் என்ன அட்டை இருக்கும் என்பது பிரிக்கும்வரை தெரியாது; அரிய அட்டை வேண்டுமாயின் மேலும் வாங்கவேண்டும். சமதர்மம் பேசிய வெல்ஸ் இதைக் கண்டிருந்தால் ஒரு காரமான கட்டுரை எழுதியிருப்பார்.

தவணை முடிந்த நாளில் அந்த மாணவன் அட்டைகளைப் பெற ஓய்வறைக்கு வந்தான். வெல்ஸின் கதையை ஏறக்குறைய இங்கு எழுதிய அளவுக்கே அவனுக்குச் சொன்னேன். முகம் மாறாமல் கேட்டுக்கொண்டிருந்தான். பதின்மூன்று வயதுத் தளபதியைப் பற்றிச் சொன்னபோது மாத்திரம் ஒரு கணம் கண்ணைத் தாழ்த்தினான். பின்னர் மேசையைத் துடைத்து, கட்டை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை என் பக்கம் தள்ளினான். இருவருக்கும் இருபது உயிர்ப்புள்ளிகள்; எவருடையது முதலில் ஒழிகிறதோ அவர் தோற்றவர் என்றான். நிலங்களை எப்படி இறக்குவது, எந்தப் பிராணியை எப்போது ஏவுவது என்று பொறுமையோடு கற்பித்தான். காற்சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் புள்ளிகளைக் குறித்துக்கொண்டே வந்தான். கால் மணி நேரத்தில் என் இருபதும் கரைந்தன. அவன் அட்டைகளைத் திரட்டி, அடுத்த ஆட்டத்துக்குக் கலைக்கத் தொடங்கினான்.